நிலக்கரி, எண்ணெய்த் திட்டங்களையும் அவற்றின் மாசையும் வழக்குப் போட்டு நிறுத்த முடியுமா?

ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி வந்திருக்கிறது, மனு கொடுத்தாயிற்று, ஊர்வலமும் போயாயிற்று, ஒன்றும் அசையவில்லை, இனி கோர்ட்டுக்குப் போனால் பலன் உண்டா, இல்லை இருக்கிற பணமும் வருடங்களும்தான் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. அதை நம்பித்தான் ஏழெட்டு வருடமாக நான் இதில் இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு திட்டத்தால் நிலம், நீர், காற்றுக்கு என்ன ஆகும் என்று அனுமதிக்கு முன் தயாரிக்கிற அறிக்கைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். வழக்குப் போடும் ஊர்க் குழுக்களுக்காக அந்த அறிக்கைகளைப் படித்து, எங்கே கணக்கு இடிக்கிறது என்று குறித்துக் கொடுப்பது என் பங்கு. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

"இந்தத் திட்டம் கெட்டது, நிறுத்துங்கள்" என்று போனால் பெரும்பாலான நீதிபதிகள் கையை விரித்துவிடுவார்கள். எண்ணெய் வேண்டுமா வேண்டாமா என்பது அரசின் கொள்கை முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம் என்பார்கள். அதே நீதிபதியிடம், "அனுமதி தரும் முன் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய இதை அதிகாரி பார்க்கவே இல்லை" என்று காட்டுங்கள். நிமிர்ந்து உட்காருவார். அது சட்டக் கேள்வி, அதற்குப் பதில் சொல்வது அவர் வேலை. அனுமதி என்பது அந்த அறிக்கையின் மேல் நிற்கிற ஒன்று. அறிக்கையில் பெரிய ஓட்டை இருந்தால் அனுமதியும் சரியும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழக்கு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நடந்தது. ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகளை விரிவாக்க 2019-ல் உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 20 வருடம் எண்ணெய் எடுக்கும் திட்டம். அறிக்கையில் கார்பன் கணக்கும் இருந்தது. ஆனால் தோண்டுவது, இயந்திரம் ஓட்டுவது என்று அந்த இடத்திலேயே நடக்கும் வேலைகளின் புகையை மட்டும் கூட்டிச் சுமார் 1.4 லட்சம் டன் என்று போட்டிருந்தார்கள். எடுத்த எண்ணெயை யாரோ, எங்கோ எரிக்கத்தானே போகிறார்கள்? அந்தக் கணக்கு ஒரு கோடி டன்னைத் தாண்டும். அது ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை.

சாரா ஃபிஞ்ச் என்பவர் உள்ளூர்க் குழு ஒன்றின் சார்பில் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் எதிராகச் சொல்ல, அங்கேயும் தோற்றார். நான் பார்த்த குழுக்களில் பல இந்த இடத்தில்தான் விட்டுவிடுகின்றன, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஃபிஞ்ச் விடவில்லை. 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. எடுக்கிற எண்ணெய் எரிக்கப்படுவது நிச்சயம், எனவே அந்தப் புகையும் இந்தத் திட்டத்தின் விளைவுதான், அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த அனுமதி செல்லாது என்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் வைட்ஹேவன் நிலக்கரிச் சுரங்கத்தின் அனுமதி ரத்தானது. 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ரோஸ்பேங்க் எண்ணெய் வயலுக்கும் ஜாக்டா எரிவாயு வயலுக்கும் தந்திருந்த ஒப்புதல்கள் சட்டப்படி இல்லை என்று சொன்னது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்த ஒரே கேள்வி: எரிக்கும்போது வரும் புகையைக் கணக்கில் சேர்த்தாயா?

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தீர்ப்புகள் எண்ணெய் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முழுக் கணக்கையும் போட்டுவிட்டு அரசு மறுபடி அனுமதி தரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்தக் கணக்கு இனி எல்லோர் கண்முன்னும் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பல திட்டங்கள் அந்த வெளிச்சத்தில் தள்ளாடும். பணம் போடுகிறவர்களும் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

கணக்கில் மட்டும்தான் ஓட்டை தேட வேண்டும் என்றில்லை. கென்யாவின் லாமு கடற்கரையில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குத் தந்த உரிமத்தைச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் 2019 ஜூனில் ரத்து செய்ததற்கு முக்கியக் காரணம், மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பது. உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடந்தது? அறிவிப்பு எத்தனை நாள் முன்னால் வந்தது? அறிக்கை மக்களுக்குப் புரியும் மொழியில் கிடைத்ததா? யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், அது பதிவானதா? ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

இனி காலக்கெடு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் மனசு கனக்கும். ஒரு குழு என்னிடம் அறிக்கையைக் கொண்டுவந்தது. படிக்கப் படிக்க ஓட்டை. மூன்று வெவ்வேறு இடங்களின் நிலத்தடி நீர் அளவு என்று ஒரே எண்ணை மூன்று முறை போட்டிருந்தார்கள். ஜெயித்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் வக்கீல் அனுமதித் தேதியைக் கேட்டார். மேல்முறையீட்டுக்கான நாள் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர்கள் அமைச்சர் அலுவலக வாசலில் காத்திருந்து, மனுவுக்குப் பதில் வரும் என்று நம்பியிருந்தவர்கள். வழக்கு உள்ளேயே போகவில்லை.

கெடு நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் திட்ட அனுமதியை எதிர்த்துப் போக 6 வாரம். இந்தியாவில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. மனுவும் ஊர்வலமும் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நாளை எண்ணிக்கொண்டிருங்கள்.

வழக்கு போடும்போதே இடைக்காலத் தடையும் கேளுங்கள். தடை இல்லாவிட்டால் வாய்தா வாய்தாவாகப் போகிற நேரத்தில் அவர்கள் கட்டி முடித்துவிடுவார்கள். "இவ்வளவு செலவு செய்தாயிற்று, இனி இடிக்கச் சொல்ல முடியாது" என்ற வாதம் பல இடங்களில் எடுபடுகிறது.

பெரிய வழக்குகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். நெதர்லாந்தில் உர்கெண்டா அமைப்பு அரசின் மேல் போட்ட வழக்கில், 1990-ஐவிட 25 சதவீதமாவது உமிழ்வை, அதாவது புவியைச் சூடாக்கும் புகை வெளியீட்டை, 2020-க்குள் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதி செய்தது. ஆனால் அதே நாட்டில் ஷெல் எண்ணெய் நிறுவனம் 2030-க்குள் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தீர்ப்பில் அந்த எண்ணை 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துவிட்டது. உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு, இத்தனை சதவீதம் என்று எங்களால் சொல்ல முடியாது என்றது. பெரு நாட்டு விவசாயி ஒருவர், அவர்கள் விட்ட புகையால் தன் வீட்டுக்கு வெள்ள ஆபத்து என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு பத்து வருடம் நடந்து 2025 மே மாதம் தள்ளுபடியானது. அவர் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது காரணம். ஆனாலும் புகைவிடும் நிறுவனங்களை இப்படிப் பொறுப்பாக்கச் சட்டத்தில் வழி உண்டு என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அடுத்து வருகிறவருக்கு அது பெரிய படி.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்து. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-ல் தொடங்கி, வனுவாட்டு அரசு ஐ.நா. வரை கொண்டுபோன முயற்சி அது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் எடுக்க உரிமம் தருவதும் மானியம் தருவதும்கூட ஒரு நாட்டின் சர்வதேசக் கடமையை மீறிய செயலாகலாம் என்று அதில் இருக்கிறது. அது யாரையும் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் உங்கள் வக்கீல் அதை எடுத்து வைத்தால் நீதிபதி ஒதுக்கிவிட்டுப் போவது கடினம்.

யார் பெயரில் போடுவது என்பதையும் யோசியுங்கள். புவி சூடாவதைத் தடுக்க அரசு போதுமானதைச் செய்யவில்லை என்று சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் 2,000 பேருக்கு மேல் சேர்ந்து போட்ட வழக்கில், 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்கு பெண்களின் தனி மனுக்களை ஏற்கவில்லை. அவர்களுடைய சங்கத்தின் மனுவை ஏற்றுச் சங்கத்தின் பக்கமே தீர்ப்பும் சொன்னது. முடிந்தால் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பு ஒரு தனி ஆளை மிரட்டுவது எளிது, சங்கத்தை அப்படிச் செய்வது கடினம். செலவும் பகிர்ந்து போகும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு தலையில் விழுமா என்பதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் வழக்குகளில் தனிநபருக்கு அது பொதுவாக 5,000 பவுண்டைத் தாண்டாது. எல்லா நாட்டிலும் இப்படி வரம்பு கிடையாது.

ஜெயித்த பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் என்னை அதிகம் உறுத்துவது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு எதிரான வழக்கில் 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கியது. சட்டம் படிக்கிறவர்கள் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது. 28 வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாறு, அதே கழிவு என்று உச்ச நீதிமன்றம் மறுபடி இழப்பீட்டுக்கு உத்தரவிட்டுக் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டியிருந்தது. தீர்ப்பில் யார், எந்தத் தேதிக்குள், எதைச் செய்ய வேண்டும், செய்தாரா என்று யார் பார்ப்பது என்பதெல்லாம் எழுத்தில் வரும்படி கேளுங்கள். வந்த பிறகு அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

சரி, இப்போதைக்கு இரண்டு வேலை. கிணற்றுக்கு அனுமதி வந்த தேதி என்ன என்று உங்கள் கேள்வியில் இல்லை. உத்தரவின் நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். கெடு இன்னும் இருந்தால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். இரண்டாவது, அறிக்கையை அதன் பின்னிணைப்புகளோடு முழுதாக வாங்குங்கள், சுருக்கம் போதாது. கிடைத்ததும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், நான் படித்துக் குறித்துத் தருகிறேன்.