மடையைத் திறக்கிறது யாரு?

கேள்வி: ஜப்பான் மாநாடு போட்டு ஆப்பிரிக்காவுக்கு 3,000 கோடி டாலர்னு அறிவிக்குது. துறைமுகம், பாலம், மின்சாரம், அரிசினு எல்லாத்துலயும் இறங்குது. சீனாவோட போட்டிக்குத்தானே இதெல்லாம்? ஆப்பிரிக்கா இதனால முன்னேறுமா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: சீனா போட்டியைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. ஆரணியில இருந்துக்கிட்டு அரிசியைக் கடைசியில போட்டீங்களே சார், எனக்கு அதுதான் தாங்கல. அரிசியைப் பத்தியே பேசுவோம்.

தான்சானியாவுல கிளிமாஞ்சாரோ மலையடிவாரத்துல மோஷினு ஒரு ஊர். அங்க லோயர் மோஷி பாசனத் திட்டம்னு ஜப்பான் காசுல கட்டி 1987ல முடிச்சாங்க. சுமார் 1,100 ஹெக்டேர் நெல்லுக்குனு கணக்கு. கால்வாய், மதகு, மட்டம் பார்த்து சமப்படுத்தின வயல், வரிசை நடவு, குட்டை ரக நெல், எல்லாம் கச்சிதம். ஹெக்டேருக்கு ஆறு டன்னுக்கு மேல விளைஞ்சுது, தான்சானியாவுல அப்ப அதெல்லாம் ரொம்ப அபூர்வமான மகசூல். அப்புறம் என்னாச்சுனா ஆத்துக்கு மேல்பக்கம் இருந்த ஊர்க்காரங்க இதைப் பார்த்தாங்க, நெல்லுல இவ்வளவு காசானு அவங்களும் வாய்க்கால் வெட்டி தண்ணியைத் திருப்பி நட ஆரம்பிச்சுட்டாங்க, மேல எடுத்தா கீழ எங்க வரும், திட்டத்துக்குனு சமப்படுத்தின வயல்ல பாதிக்கு மேல நாத்து நட வழியில்லாம கிடந்த வருஷமெல்லாம் உண்டு. மேல்பக்கத்துக்காரங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க ஊர் வழியா ஓடுற ஆறு, திட்டம் போட்டப்ப அவங்களைக் கணக்குலயே சேர்க்கல.

இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா படிக்கிறவங்களுக்குத் தெரியும், ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருத்தருக்கும் எனக்கும் இதுல தீராத சண்டை. அணையைக் கட்டு, கால்வாயை வெட்டு, தண்ணி தானா போய்ச் சேரும்பார் அவர். போகாது சார். வயலுக்குத் தண்ணியைத் திருப்பி விடுற நீர்க்கட்டி யாரு, முறை வைக்கிறது யாரு, கடைமடைக்காரன் சண்டை போட வந்தா பதில் சொல்றது யாருனு முடிவு பண்ணாம கட்டுற மதகு வெறும் சிமெண்ட்தான்.

அதே மோஷியில ஜப்பான் செஞ்ச இன்னொரு வேலையை நான் மனசாரப் பாராட்டுறேன். விவசாயப் பயிற்சி மையம் ஒண்ணு வெச்சு மத்த பாசனப் பகுதி விவசாயிகளைக் கூட்டிட்டு வந்து நாத்தங்கால் விடுறது, வரப்பு போடுறது, இத்தனை சென்டிமீட்டர் விட்டு நடுறதுனு சொல்லிக்கொடுத்து, ஊருக்குப் போய் அடுத்தவங்களுக்கு நீங்க சொல்லுங்கனு அனுப்பினாங்க. கால்வாய்க்கு ஆன செலவோட பார்த்தா இது ஒண்ணுமே இல்ல, ஆனா இந்தப் பயிற்சிதான் தான்சானியா முழுக்கப் பரவுச்சு. ஜப்பான் ஆப்பிரிக்க நாடுகளைக் கூட்டி நடத்துற மாநாட்டுக்கு டிக்காட்னு பேர். 2008ல யோகோஹாமாவுல நடந்த டிக்காட்ல, சகாராவுக்குத் தெற்க நெல் உற்பத்தியைப் பத்து வருஷத்துல 1.4 கோடி டன்ல இருந்து 2.8 கோடி டன்னாக்குவோம்னு பல அமைப்புகள் கூட்டா இலக்கு வெச்சாங்க, எட்டியும் காட்டினாங்க. இப்ப 2030க்குள்ள 5.6 கோடினு இலக்கு. அரிசித் தேவையும் கூடவே பெருகுறதால இறக்குமதி இன்னும் நிக்கல, அது வேற கவலை.

கென்யாவுல முவேயா இருக்கு. அந்த ஊர் பிஷோரி அரிசினா நைரோபி கடையில தனி மரியாதை. 1950கள்ல பிரிட்டிஷ்காரன் கைதிகளை வெச்சு வெட்டின கால்வாய் அது. விளைஞ்ச நெல்லையெல்லாம் அரசு வாரியத்துக்குத்தான் போடணும்னு இருந்ததை எதிர்த்து 1998ல விவசாயிகள் கிளம்பிட்டாங்க, நெல்லைத் தாங்களே வித்தாங்க. இப்ப தண்ணிப் பங்கீட்டுல விவசாயிகள் சங்கத்துக்கும் இடம் இருக்கு. அதுக்கப்புறம் ஜப்பான் கடனும் சேர்ந்து திபா அணை 2022ல முடிஞ்சுது, ரெண்டு போகம் நடலாம்னு நம்பிக்கை வந்திருக்கு. இந்த வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு, முதல்ல விவசாயி கைக்கு உரிமை, அப்புறம் அணை.

தலைகீழா செஞ்சா என்ன ஆகும்னு மொசாம்பிக்ல பாருங்க. பிரேசில் தன்னோட செராடோ புல்வெளியில சோயா விளைவிச்ச மாதிரி இங்கயும் பண்ணலாம்னு ஜப்பானும் பிரேசிலும் சேர்ந்து 2009ல ப்ரோசவானா திட்டத்தை ஆரம்பிச்சாங்க. அங்க காலங்காலமா சோளமும் மரவள்ளியும் போட்டுச் சாப்பிடுற சின்ன விவசாயிகளை யாரும் கேட்கல. நிலம் போயிடும்னு பயந்து 2013ல மூணு நாட்டுத் தலைவர்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினாங்க, ஜப்பான்லயே நிறைய பேர் அவங்க பக்கம் நின்னாங்க. 2020ல திட்டத்தை மூடிட்டாங்க.

அந்த 3,000 கோடியைப் பத்தி ஒரு வார்த்தை. 2016ல நைரோபி டிக்காட்ல சொன்னதுலயும் 2022ல டூனிஸ் டிக்காட்ல சொன்னதுலயும் தனியார் கம்பெனி முதலீடும் சேர்த்தி. அரசு தர்றதுலயும் நிறைய திருப்பிக் கட்டவேண்டிய கடன், நம்ம சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் அரசோட உதவி நிறுவனமான ஜைக்கா குடுத்த மாதிரி. வட்டி குறைவு, தவணை நீளம், நல்ல கடன்தான், ஆனா கடன். அதைக் கட்டப்போறது முவேயாவுலயும் மோஷியிலயும் வரி கட்டுற ஜனங்க, அதனால அடுத்த டிக்காட்ல எந்த ஆத்துல கை வெச்சாலும் மேல்மடை கீழ்மடை ரெண்டு பக்கத்து விவசாயியும் கையெழுத்துப் போடாம ஒரு யென் கூட இறங்கக் கூடாதுங்கிறேன். இன்ஜினியர் சார் இதுக்கும் லெட்டர் போடுவார். போடட்டும், அடுத்த இதழ்ல முழுசா வெளியிடுறேன்.