குப்பை மேடு போன பிறகு அந்த நிலத்தை நம்பலாமா?

கேள்வி: பெருங்குடி குப்பைக்கிடங்கை அடுத்த பகுதியில் அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறோம். பயோமைனிங் முறையில் குப்பையை அகற்றி மீட்கப்படும் நிலத்தில் பூங்காவோ கட்டடங்களோ வரலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கம் இதை வரவேற்கலாமா? முன்கூட்டியே எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

பதில்: மேடு போவது நல்லதுதான்; 2022 ஏப்ரலில் அங்கே நாள்கணக்கில் எரிந்த தீயின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பயோமைனிங்கில் நடப்பது என்னவென்றால், பழைய குப்பையைக் கிளறி உலர்த்திச் சுழல் சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைகளுக்கும் கல்லையும் மண்ணையும் வேறு இடங்களுக்கும் அனுப்புகிறார்கள். அடியில் தடுப்புப் படுகை ஏதுமின்றிப் பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்ட குப்பையிலிருந்து, கிடங்கு அமைந்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்பின் களிமண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கிய கசிவுநீர் அந்தச் சல்லடைக்கு வருவதில்லை. ஆகவே சங்கம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை டன் குப்பை அகற்றப்பட்டது என்பதை விட, அடிமண்ணை எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழம் வரை துளையிட்டுப் பரிசோதித்தார்கள் என்பதைத்தான்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பதில் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாகக் குளோரைடு கூடினால் கசிவுநீரைச் சந்தேகிப்போம். இங்கோ அது நிலத்தடியில் புகும் கடல் உவர்நீரின் வேலையாகவும் இருக்கலாம், அப்படிச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் எளிது. அதனால் குப்பைக் கசிவில் மிகுந்திருக்கும் அம்மோனியாவையும் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடல்நீரில் சோடியத்தின் எடையில் ஏறத்தாழ 27இல் ஒரு பங்குதான் பொட்டாசியம். உங்கள் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் அந்தப் பங்கு வெகுவாகக் கூடி, அம்மோனியாவும் உடன் இருந்தால், உப்பைக் கடலின் மேல் மட்டும் போட முடியாது. உவர்நீர் புகுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதிலுள்ள சல்ஃபேட்டைக் காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றமுடைய அந்த வாயு செம்புக் கம்பிகளை அரிக்கும். மும்பை மலாடில் பழைய குப்பை நிலத்தின் மேல் எழுந்த அலுவலகங்களில் கணினிகள் அடிக்கடி பழுதானதாகச் செய்திகள் வந்தபோது, இத்தகைய வாயுவே காரணமாகச் சொல்லப்பட்டது.

மீத்தேனைப் பொறுத்தவரை, எப்போது அளந்தார்கள் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச்சில், அருகிலிருந்த குப்பை நிலத்திலிருந்து மண்ணுக்கடியில் நகர்ந்து வந்த மீத்தேன் ஒரு வீட்டுக்குள் சேர்ந்து வெடித்தது, மூவர் காயமடைந்தனர். அதற்குச் சற்று முன் காற்றழுத்தம் சில மணி நேரத்தில் வேகமாகச் சரிந்திருந்தது. மேலிருக்கும் காற்றின் அழுத்தம் குறையும்போது மண்ணிடுக்கில் இருக்கும் வாயு வெளியே வருகிறது. மழையில் ஊறிய மேல்மண் வழியை அடைத்துவிட்டால் பக்கவாட்டில் நகர்ந்து, தரைக்கடியிலுள்ள குழாய்ப் பள்ளம், சம்ப் (நிலத்தடி நீர்த்தொட்டி), லிஃப்ட் குழி என்று கிடைத்த வெற்றிடத்தில் தங்குகிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகிக் கனமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இவை இரண்டும் நமக்குச் சேர்ந்தே வரும். மே மாத வெயிலில் எடுத்த அளவைக் காட்டி ‘வாயு இல்லை’ என்றால் ஏற்காதீர்கள்.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. மூடப்பட்ட குப்பை நிலத்தைக் குடியிருப்பு முதலியவற்றுக்குக் கருதுவதற்கு முன் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும், வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருந்து மண்ணின் உறுதியும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. குப்பையைத் தோண்டி எடுத்துவிட்டதால் இது மூடப்பட்ட கிடங்கே அல்ல என்று எதிர்வாதம் வரக்கூடும். அடிமண் அறிக்கை இல்லாதவரை அந்த வாதத்துக்கு வலுவில்லை என்பது என் கருத்து.

கட்டடத்தை விட நான் அஞ்சுவது, அதற்காகக் கொட்டப்படும் மண்ணை. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அது வடியாது, சதுப்பிலேயே நிற்கும். 2015லும் 2023லும் பட்டது போதாதா? அந்த இடத்தில் ஓரடி உயர்த்தினாலும் அங்கு நிற்க வேண்டிய நீர் வேறெங்காவது, அநேகமாக உங்கள் தெருவில், நிற்கும். எனவே சங்கம் ஆதரிப்பதானால், நிலத்தைப் பழைய மட்டத்துக்கே தாழ்த்தி நீருக்கு விடும் திட்டத்தையே ஆதரிக்கச் சொல்வேன்.

இடையில் நீங்களாகவே செய்யக்கூடியது: உங்கள் போர் தண்ணீரை ஜூனில் ஒரு முறை, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறை, அங்கீகாரம் பெற்ற ஒரே ஆய்வகத்தில் கொடுத்து, மாதிரி எடுத்த தேதியையும் போரின் ஆழத்தையும் குறித்து இரண்டு அறிக்கைகளையும் சங்கக் கோப்பில் வையுங்கள். சம்ப்பில் முட்டை நாற்றம் வந்தால் ஆளை உள்ளே இறக்க வேண்டாம். மூடியைத் திறந்து வைத்து, அருகில் தீக்குச்சி கிழிக்காமல், வாயு அளக்கும் கருவியுடன் வருபவரை அழையுங்கள்.