பவர்ல உக்காந்திருக்கிற டைமை லாக் வச்சு கீழ இறக்கறது எப்படி?

நியூட்டன் கூலிங் சம்ல (சூடான பொருள் எவ்ளோ நேரத்துல ஆறும்னு போடற கணக்கு) டைம் ஈ-யோட (சுமார் 2.718-ங்கற மாறாத எண்) பவர்ல போய் உக்காந்திருக்கு, அதை எப்படி கீழ இறக்கறது, லாக் எந்த ஸ்டெப்ல போடறதுன்னு கேட்டிருக்கீங்க. லாக் கடைசிலதாங்க. அதுக்கு முன்னாடி ரூம் டெம்பரேச்சரைக் கழிச்சே ஆகணும்.

தயிருக்கு உறை ஊத்தற பாலை எடுத்துக்கோங்க. ரூம் 30 டிகிரி, பால் 90, பத்து நிமிஷம் கழிச்சு தெர்மாமீட்டர் வச்சா 78, நமக்கு 40-க்கு வரணும். இந்த 90, 78, 40 எதையும் அப்படியே லாக்குக்குள்ள போடாதீங்க, ரூமை விட எவ்ளோ ஜாஸ்தின்னு பாருங்க: 60, 48, 10. ஈ-பவர் கணக்குல குறையறது இந்த வித்தியாசம் மட்டும்தான். 30-ஐ கழிக்காம ரெண்டு பக்கமும் லாக் போட்டா உள்ள ஒரு கூட்டல் மாட்டிக்கும், லாக் பெருக்கலையும் வகுத்தலையும்தான் பிரிச்சுக் கொடுக்கும், கூட்டலைப் பிரிக்காது, அதோட சம் நின்னுடும்.

இப்போ 60-ஐ 48-ஆல வகுத்தா 1.25, இது பத்து நிமிஷத்துக்கு. 60-ஐ 10-ஆல வகுத்தா 6, இது நாம தேடற நேரத்துக்கு. ரெண்டுக்கும் லாக் போட்டு ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா கே (எவ்ளோ வேகமா ஆறுதுன்னு சொல்ற, பவர்ல டைமோட பெருக்கி நிக்கிற எண்) தானா கேன்சல் ஆகிடும், அதைத் தனியா கண்டுபிடிக்கவே வேணாம்:

நேரம் = 10 × லாக் 6 ÷ லாக் 1.25

டேபிள்ல 0.7782, 0.0969. வகுத்தா 8.03, அதை 10-ஆல பெருக்கினா சுமார் 80 நிமிஷம். வகுத்துதான் எடுக்கறோம்ங்கறதால பேஸ் 10-ஓ பேஸ் ஈ-யோ ஒரே விடைதான், ஆனா ரெண்டையும் கலந்துடாதீங்க. பெரிய நம்பரை மேல வச்சது வேணும்னுதான், 48-ஐ மேல வச்சா 0.8 வரும், டேபிள்ல 1 பார் .9031-னு (அதாவது மைனஸ் 1 கூட்டல் 0.9031) எடுத்து அந்த பாரோட மல்லுக்கட்டணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. அதே பால் 90-லேர்ந்து 60-க்கு வர 31 நிமிஷம், 40-லேர்ந்து 35-க்கு வரவும் அதே 31 நிமிஷம், ஏன்னா ரெண்டுலயும் வித்தியாசம் பாதியாகுது. நியூட்டன் 1701-ல இதை வெளியிட்டப்போ நம்மளுக்கு நேர் எதிர் திசையில போனார், பழுக்கக் காய்ச்சின இரும்பு ஆற எடுத்துக்கிட்ட நேரத்தை வச்சு அதோட சூட்டைக் கணக்குப் போட்டார்.

சரியா 30-க்கு எப்போ வரும்னு கேட்டா வித்தியாசம் பூஜ்யம், அதுக்கு லாக் கிடையாது. நிஜப் பால்ல செஞ்சு பார்க்கறதா இருந்தா ஃபேன் காத்து ஒரே சீரா இருக்கட்டும், ஆவி அடங்கினப்புறம் முதல் ரீடிங் எடுங்க, ஆவி பறக்கறப்போ இந்தக் கணக்கை விட வேகமாவே ஆறும்.