அம்மா பிடுங்கும் நாற்றுகள்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் நோய். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே வாழ்ந்தவர். தோட்ட வேலை மறதி நோயாளிகளுக்கு நல்லது என்று படித்து, மொட்டைமாடியில் தொட்டிகள் வைத்தேன். நான் நடும் கத்தரி நாற்றுகளையெல்லாம் அம்மா பிடுங்கிப் போட்டுவிடுகிறார். கோபித்தால் அழுகிறார். நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். கத்தரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அம்மா களையெடுக்கிறார். இந்நோய் முதலில் தாக்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ். காலையில் நடந்தது மாலையில் நினைவில் இல்லாமல் போவது அதனால்தான். கைக்குப் பழகிய வேலையைக் காப்பவை வேறு பகுதிகள். அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நாற்று எது, களை எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் தூரோடு பற்றி, வேர் அறாமல் இழுக்க அந்த விரல்களுக்கு இன்னும் தெரிகிறது. அதையும் குற்றமாக்கிவிட்டால் அவர் எதைத்தான் செய்வார்?

பிடுங்குவதே அறுவடையாக உள்ள பயிரைக் கொடுங்கள். அகலமான தொட்டியில் முளைக்கீரை விதையை நெருக்கமாகத் தூவுங்கள். இளசாகப் பிடுங்கினால் நெருக்கம் குறையப் பயிர் கலைத்தது போலாகும். வளர்ந்தபின் பிடுங்கினால் குழம்புக்கு ஆகும். வெந்தயம் சில நாட்களிலேயே முளைத்துவிடும். வாரம் ஒரு தொட்டியாக விதைத்தால் பிடுங்குவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். பிடுங்கிய கீரையை முறத்தில் போட்டு ஆயக் கொடுங்கள். வேரும் தண்டும் கலந்து வந்தால் திருத்த வேண்டாம், அப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் நினைவு திரும்பிவிடாது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தோட்டத்தில் பொழுதைக் கழிப்பவர்களிடம் பதற்றம் குறைவதாகத் தெரிந்தது. அழுது களைக்கும் ஒருவருக்கு அதுவே பெரிது என்று நினைக்கிறேன்.

"இது என்ன செடி, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிக் கையில் கொடுங்கள். மல்லிகை மணத்தை அதிகம் நம்ப வேண்டாம், வாசனை உணர்வு இந்நோயில் சீக்கிரமே மங்கிவிடுகிறது. ஓமவல்லியின் தடித்த, சொரசொரப்பான இலையைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். பொழுது சாயும்போது பலருக்குப் பரபரப்பு கூடும். வெயில் தணிந்தவுடன் வேலையைத் தொடங்கி, இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டில் அரளி இருந்தால் இன்றே அகற்றுங்கள். வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பூச்சிமருந்தும் வேண்டாம். மாடியில் அவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். இடமிருந்தால் தொட்டிகளை வாசலுக்கு இறக்கிவிடுங்கள்.

அன்புடன்.