பாராசிட்டமாலைப் படுக்க வைத்தால் எழுத்தும் படுக்க வேண்டுமா?

கேள்வி: என் முதுநிலை வேதியியல் ஆய்வேட்டில் பாராசிட்டமாலின் அமைப்பு நெட்டுக்குத்தாக இருக்கிறது. இடம் போதாமல் வேர்டில் அதைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அணுக்களின் எழுத்துகளும் சாய்ந்துவிடுகின்றன. எழுத்துகளை மட்டும் நிமிர்த்த முடியுமா?

பதில்: வேர்டில் முடியாது. அங்கே இருப்பது வெறும் படம்; எது பிணைப்பு, எது எழுத்து என்று அதற்குத் தெரியாது. சாய்ந்த எழுத்தின்மேல் வெள்ளைப் பெட்டியை ஒட்டி, புது எழுத்தைத் தட்டித் தரும் டைப்பிங் கடைகள் உண்டு. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அச்சில் பார்த்தால் அந்தப் பெட்டி பிணைப்புக் கோட்டின் நுனியை விழுங்கியிருக்கும்.

அமைப்பை வரைந்து தந்த கடைக்காரரிடம் மூலக் கோப்பை வாங்குங்கள். கெம்டிரா என்ற வேதி அமைப்பு வரையும் மென்பொருள் என்றால் சிடிஎக்ஸ் கோப்பு. அதில் மூலக்கூறு முழுவதையும் தேர்ந்தெடுத்து 90 பாகை திருப்பினால் எழுத்துகள் நிமிர்ந்தே நிற்கும். லேடெக்ஸ் என்ற ஆவண மென்பொருளில் அமைப்பு வரையும் கெம்ஃபிக் தொகுப்பைப் பயன்படுத்தினால், கோணங்களை முந்தைய பிணைப்பிலிருந்து அளக்கும் சார்புக் கோணங்களாக எழுதுங்கள்; பிறகு தொடக்கக் கோணத்தை மாற்றினாலே மூலக்கூறு திரும்பிவிடும்.

ஆனால் நிமிர்ந்த எழுத்து மட்டும் போதாது. வலப்பக்கம் ஓஎச் என்று நிற்பது இடப்பக்கம் போனால் எச்ஓ என்று மாற வேண்டும்; அப்போதுதான் கோடு ஆக்சிஜனைத் தொடும். கெம்ஃபிக் இதைத் தானாக மாற்றாது. இடப்பக்கம் போகும் பிணைப்பை அது கடைசி அணுவில் சேர்க்கும். சிஎச்3 என்று விட்டுவைத்தால் கோடு ஹைட்ரஜனில் போய் முட்டும்.

உங்கள் மூலக்கூறில் நைட்ரஜன்தான் விதிவிலக்கு. நெட்டுக்குத்தாக இருந்தபோது அதன் எச் பக்கவாட்டில் இடைஞ்சலின்றி இருந்திருக்கும். கிடைமட்டமாக்கியதும் இடப்பக்கம் வளையம், வலப்பக்கம் கார்பனைல் கார்பனுக்கு மேலேறும் பிணைப்பு. எச்சை எந்தப் பக்கம் வைத்தாலும் நெருக்கடிதான். அப்போது அதை நைட்ரஜனுக்கு நேர்க்கீழே வையுங்கள். அந்தப் பிணைப்பு கீழிறங்கினால் எச் நேர்மேலே போக வேண்டும். எச்என் என்று மாற்றினாலும் வளையத்திலிருந்து வரும் கோடு எச்சில்தான் முட்டும்.

இன்னொன்று: வேர்டில் படத்தை இடவலமாகப் புரட்டும் வசதியைத் தொடவே வேண்டாம். பாராசிட்டமாலில் எழுத்துகள்தான் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும்; எல்-அலனினில் அதைச் செய்தால் அதன் கண்ணாடிப் பிம்பமான டி-அலனின் ஆகிவிடும்.

அமைப்புகளை எப்படி வரைவது என்று பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக் 2008-லேயே விரிவான பரிந்துரைகளை வெளியிட்டுவிட்டது. நான் பார்த்த ஆய்வேட்டு விதிகளோ ஓர வெற்றிடத்தை அங்குலக் கணக்கில் அளக்கின்றன, அமைப்புப் படத்தைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை. தவறான அமைப்போடு கட்டிய ஆய்வேடு நூலகத்தில் ஏறிவிடுகிறது. அடுத்த மாணவர் அதைப் பார்த்துத்தான் வரைகிறார்.

கடைக்காரர் மூலக் கோப்பைத் தர மறுத்தால் நீங்களே புதிதாக வரைந்துவிடுங்கள். பாராசிட்டமாலுக்குப் பத்து நிமிடம் போதும்.