பணக்காரர்கள் குடிசை மாதிரி வீடு கட்டிய 'காட்டேஜ் ஓர்னே' பாணி என்றால் என்ன?

பார்வைக்குக் கிராமத்துக் குடிசை போலத் தெரியும்படி, வசதியானவர்கள் கட்டடக் கலைஞரை வைத்துத் திட்டமிட்டுக் கட்டிய அலங்கார வீடுதான் காட்டேஜ் ஓர்னே. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் இதற்குப் பெரிய மோகம் இருந்தது.

காரணம் ஏக்கம். ஆலைகள் பெருகின, பொது நிலங்களுக்கு வேலி விழுந்தது, பழைய கிராமம் கண்ணெதிரே மாறியது. இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்கும் மாளிகைகளும் சலித்துப்போயின. ஓவியத்தில் வரும் கோணல்மாணலான அழகு பிடிக்க ஆரம்பித்தது. கடையிலேயே வெளுக்கவைத்துக் கிழித்து, கூடுதல் விலைக்கு விற்கும் ஜீன்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பழசின் தோற்றம் வேண்டும், பழசின் கஷ்டம் வேண்டாம்.

பிரிஸ்டல் அருகே உள்ள பிளேஸ் ஹாம்லெட் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். வங்கியாளர் ஜான் ஹார்ஃபோர்ட், தன் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷிடம் சொல்லி 1811 வாக்கில் கட்டியது. புல்வெளியைச் சுற்றி ஒன்பது வீடுகள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. தாழ்ந்த கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கிகள் வேண்டுமென்றே உயரமாக, வேலைப்பாட்டோடு நிற்கின்றன. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அரசி மரி அந்துவானெத்துக்காக 1783இல் தொடங்கிய குட்டிக் கிராமம் இன்னும் ஒரு படி மேல்: சுவரில் விரிசலைக்கூட வண்ணத்தால் வரைந்தார்கள், உள்ளே பில்லியர்ட்ஸ் அறை!

அப்புறம், அந்தக் காலத்து விவசாயிகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, கூலி விவசாயிகளின் நிஜக் குடிசைகள் பெரும்பாலும் ஓரிரு அறைகளில் குடும்பமே நெருக்கியடித்து வாழ்ந்த, ஈரம் ஊறிய இடங்கள்.