சாக்லேட் கட்டி: ஆபரேஷனா, மாத்திரையா, ஐவிஎஃப்பா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே பீரியட்ஸ் வந்தால் வலியில் சுருண்டு படுத்துவிடுவேன். இப்போது இன்னும் மோசம். மாதாமாதம் இரண்டு நாள் லீவு. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் உயிர் போகிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என்று வந்திருக்கிறது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையில் 1.8, சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையில் 71. ஒரு டாக்டர் உடனே லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) செய்யச் சொல்கிறார். இன்னொருவர், ஆறு மாதம் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் குழந்தைக்குப் பார்க்கலாம் என்கிறார். மூன்றாவது இடத்தில் நேராக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்றார்கள். அத்தையோ, ‘ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார். இது கேன்சராக மாறுமா? நான் எதைச் செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் கேன்சர் பயத்தை விடுங்கள். சினைப்பைப் புற்றுநோயில் கூடும் சிஏ 125 அளவு 35-ஐத் தாண்டினாலே பலரும் நடுங்கிப்போகிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது கூடத்தான் செய்யும்; பீரியட்ஸ் நேரத்தில் ரத்தம் எடுத்தாலும் கூடும். பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல், வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களில் அது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவுதான். வித்தியாசம் அவ்வளவே. ஸ்கேனில் கட்டிக்குள் சதை வளர்ச்சி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் அந்த 71-ஐ மறந்துவிடலாம்.

பதினான்கு வருடமாக இந்த வலியோடு இருந்திருக்கிறீர்கள். ‘பொம்பளைன்னா வயித்துவலி இருக்கத்தான் செய்யும்’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. படிக்கவோ வேலைக்குப் போகவோ விடாத வலி ஒருநாளும் சாதாரண வலி இல்லை. உங்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, கருக்குழாய், குடல் ஆகியவற்றின் மேல் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அதுவும் கசியும். வெளியேற வழியில்லாத ரத்தம் சினைப்பைக்குள் தேங்கி, பழுப்பு நிறத்தில் கெட்டியாகிச் சாக்லேட் கட்டியாகிறது. சுற்றியுள்ள இடமெல்லாம் புண்பட்டு, ஆறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சிறு கட்டியோடு துடிப்பவர்களும் உண்டு, பெரிய கட்டி இருந்தும் வலியே தெரியாதவர்களும் உண்டு. அதனால் 4.2 செ.மீ. என்ற எண்ணை மட்டும் பார்த்து யாரும் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது. உங்களுக்கு இப்போது எது முதலில் வேண்டும், குழந்தையா, வலியிலிருந்து விடுதலையா? அதைப் பொறுத்துத்தான் வழி மாறும். மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி டயனோஜெஸ்ட். தினம் 2 மில்லிகிராம். வலிக்கு மிக நல்ல மாத்திரை. குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் பெண்ணுக்கு நான் தயங்காமல் எழுதுவேன். ஆனால் அதைச் சாப்பிடும்வரை பெரும்பாலும் முட்டை வெளியாகாது, கரு நிற்காது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. கட்டி கொஞ்சம் சுருங்கும், கரைந்து போகாது. குழந்தைக்கு ஏங்கும் உங்களுக்கு இது ஆறு மாத நஷ்டம். மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசிக்கும், இயற்கையாகக் கருத்தரிக்க முயல்பவர்களைப் பொறுத்தவரை, இதே பதில்தான்.

அத்தை அன்பில்தான் சொல்கிறார். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பீரியட்ஸ் இல்லாததால் பலருக்கு வலி அடங்கியிருக்கும். பிறகு திரும்பி வரலாம். குழந்தை பெறுவது இந்த நோய்க்கு மருந்து இல்லை. குழந்தை வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் பெற்றுக்கொள்ளுங்கள், நோய் தீரும் என்பதற்காக வேண்டாம்.

ஆபரேஷனா ஐவிஎஃப்பா என்று முடிவெடுக்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் கணவரின் விந்தணுப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்றரை வருடமாக உங்களுக்கு மட்டும் ஸ்கேனும் ஊசியும் ஏன்? சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை அது. இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அடுத்து, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம். பீரியட்ஸில் மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்றால், கருப்பைக்குப் பின்னால் குடல் பக்கம் நோய் ஆழமாகப் போயிருக்கலாம். சாதாரண வயிற்று ஸ்கேனில் இது தெரியாது. இதில் அனுபவமுள்ளவர் செய்யும் உள்வழி (பிறப்புறுப்பு வழி) ஸ்கேன், அல்லது எம்ஆர்ஐ வேண்டும். தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலிக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் பெண்கள் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். அந்த ஒரு தகவலிலேயே நோய் எங்கே இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

கணவரின் ரிப்போர்ட் நன்றாக இருந்து, கருக்குழாயும் திறந்திருந்தால், உங்கள் வலியின் கடுமையைப் பார்க்கும்போது என் சாய்வு லேப்ராஸ்கோப்பி பக்கம்தான். ஒரே முறை, கைதேர்ந்தவரிடம். வலி குறையும், இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கட்டியின் உறையை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகும், ஏஎம்ஹெச் இறங்கும். உங்களுடைய 1.8 வயதுக்குச் சற்றுக் குறைவு. அதற்காக இயற்கையாகக் கரு நிற்காது என்று அர்த்தமில்லை. முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். அந்தக் கையிருப்பை வீணாக்கக்கூடாது, அவ்வளவுதான். இதனால்தான் ‘ஒரே முறை’ என்று அழுத்திச் சொல்கிறேன். கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி எடுப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உறை அப்படியே இருப்பதால் சீக்கிரமே மறுபடி நிரம்பிவிடும். ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இயற்கையாக முயலலாம்.

விந்தணு மிகக் குறைவு, அல்லது இரண்டு குழாயும் அடைப்பு என்று வந்தால் கதை வேறு. அப்போது ஐவிஎஃப் நியாயமான முடிவு. கட்டியை எடுத்துவிட்டுத்தான் ஐவிஎஃப் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; எடுப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை. வலி தாங்கவில்லை என்றால், கருக்களை உருவாக்கி உறைநிலையில் சேமித்துவிட்டு, ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு கருப்பைக்குள் வைக்கலாம். செலவு அதிகம். ஆனால் கையிருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு நான் சொல்லிப் பார்க்கும் வழி இது.

அதுவரை மாதாமாதம் துடிக்க வேண்டியதில்லை. மெஃபனமிக் ஆசிட் 500 மில்லிகிராம், பீரியட்ஸ் ஆரம்பித்ததுமே, வலி உச்சத்துக்குப் போகும் முன், சாப்பாட்டுக்குப் பின் ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு மூன்று நாள் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மாத்திரை சாப்பிட்ட சில வாரங்களில் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே காட்டுங்கள். 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையம் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. மாதத்தின் நடுவில், முட்டை வெளியாகும் நாட்களில், இந்த வகை மாத்திரை வேண்டாம். முட்டை வெளியாவதை இது தடுக்கலாம். நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை நிஜமாகவே உதவும். ஒருபக்கமாகத் திடீரென்று கடும் வலி, வாந்தி, காய்ச்சல் என்றால் கட்டி முறுக்கியிருக்கலாம், உடைந்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு நோய் திரும்பாமலிருக்க டயனோஜெஸ்ட், அல்லது கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் பற்றிப் பேசலாம். அந்த மாத்திரையின் உண்மையான காலம் அதுதான்.

லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதிக்கும் முன் சர்ஜனிடம் கேளுங்கள்: மாதம் எத்தனை எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் செய்கிறீர்கள்? குடலில் நோய் இருந்தால் குடல் அறுவை நிபுணர் கூட இருப்பாரா? இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் வருமா என்பதையும் விசாரியுங்கள். கணவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபரேஷன் முடிந்ததும் அதன் குறிப்பு, படங்கள், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்து உங்களைப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.